பிரஷர் வோஷர் வாங்குமுன்: பெட்டியில் எழுதியிருப்பதும் எழுதாதிருப்பதும்

மாரி மழை ஓய்ந்து தைப்பொங்கல் நெருங்கும் நாட்களில் யாழ்ப்பாணத்து முற்றங்கள் எல்லாம் ஒரே நிறத்தில் இருக்கும். மதிலில் பாசி, கிணற்றுக்கட்டில் பாசி, கால் வைத்தால் வழுக்கும் சீமெந்து நடைபாதை. முன்பெல்லாம் இதற்குத் தும்புத்தடி, குளோரின் தூள், ஒரு வாளித் தண்ணீர், ஒரு முழுநாள் முதுகுவலி என்பவைதான் மருந்து. இப்போது ஹாட்வெயார் கடை வாசல்களில் மஞ்சளும் நீலமும் பச்சையுமாக பிரஷர் வோஷர்கள் அடுக்கியிருக்கின்றன. பேஸ்புக்கைத் திறந்தால் கறுத்த சீமெந்துத் தரை ஒரே வீச்சில் வெள்ளையாக மாறும் காணொளிகள். பார்த்துக்கொண்டிருந்தால் நமக்கும் ஒன்று வாங்கவேண்டும் போலத்தான் இருக்கும்.

இந்தக் கட்டுரைக்காக யாழ்ப்பாணம், சுன்னாகம், கிளிநொச்சி ஆகிய இடங்களில் சில கடைகளுக்கும் வாகனங்கள் கழுவும் சேர்விஸ் ஸ்டேஷன்களுக்கும் போய்வந்தேன். கடைகளில் அநேகமாக எல்லா இடத்திலும் காதில் விழுந்த கேள்வி ஒன்றுதான்: இது எத்தனை பார்? 100 பார் என்றால் முகம் சுளிக்கிறார்கள், 200 பார் என்றால் பணப்பையை எடுக்கிறார்கள். விற்பவர்களும் அந்த ஒரு எண்ணை வைத்தே விற்கிறார்கள். எதைக் கழுவப்போகிறீர்கள் என்று வாங்க வந்தவரிடம் கேட்ட ஒரு கடைக்காரரையும் நான் காணவில்லை. அந்தக் கேள்வி கேட்கப்படாததால் வீணாவது பணம் மட்டுமல்ல. கூரை உடைகிறது, சுவர் அரிக்கப்படுகிறது, சில வேளைகளில் மனிதர்கள் காயப்படுகிறார்கள்.

இரண்டு எண்களும் ஒரு பெருக்கலும்

பிரஷர் வோஷர் என்பது அடிப்படையில் எளிய சாதனம். ஒரு மோட்டர், அது சுழற்றும் ஒரு சிறிய பம்ப், தண்ணீர் வெளியேறும் மிக ஒடுக்கமான ஒரு துவாரம். அழுத்தம் 'பார்' என்ற அலகில் சொல்லப்படுகிறது. சில பெட்டிகளில் பிஎஸ்ஐ என்றும் இன்னும் சிலவற்றில் மெகாபஸ்கல் என்றும் இருக்கும். 1 பார் என்பது 14.5 பிஎஸ்ஐ. 1 மெகாபஸ்கல் என்பது 10 பார். ஆகவே 1500 பிஎஸ்ஐ என்று பெரிதாக எழுதியிருந்தாலும் அது வெறும் 103 பார்தான்.

ஆனால் அழுத்தம் பாதிக் கதைதான். மற்றப் பாதி, நிமிடத்துக்கு எத்தனை லீற்றர் தண்ணீர் வெளிவருகிறது என்பது. அழுத்தம் அழுக்கைப் பிடியிலிருந்து விடுவிக்கிறது. விடுபட்ட அழுக்கை அள்ளிக்கொண்டு போவது தண்ணீரின் அளவு. வயலிலிருந்து வந்த ரக்டரின் சேற்றை 150 பார் அழுத்தமும் 5 லீற்றர் தண்ணீரும் தரும் இயந்திரத்தால் கழுவினால், சேறு கோடு கோடாக வெட்டுப்படுமே தவிரக் கரைந்து ஓடாது. அழுத்தம் குறைந்தாலும் 12 லீற்றர் தண்ணீர் தரும் இயந்திரம் அதே வேலையை அரைவாசி நேரத்தில் முடிக்கும்.

இந்த இரண்டு எண்களும் தெரிந்தால் பெட்டியில் எழுதியிருப்பது நம்பக்கூடியதா என்று கடையில் நின்றபடியே பார்த்துவிடலாம். அழுத்தத்தை நிமிடத்துக்கான லீற்றரால் பெருக்கி 600ஆல் வகுத்தால், அந்தத் தண்ணீரைத் தள்ளுவதற்கு எத்தனை கிலோவாற் வலு தேவை என்பது கிடைக்கும். 100 பார், 6 லீற்றர் என்றால் 600ஐ 600ஆல் வகுக்க 1 கிலோவாற். மோட்டரிலும் பம்பிலும் ஒரு பகுதி வலு வெப்பமாக வீணாகும் என்பதால் 1300, 1400 வாற் மோட்டர் இதற்குப் பொருத்தம். கணக்குச் சரியாக வருகிறது.

இப்போது ஒரு கடையில் நான் கண்ட பெட்டிக்கு வருவோம். 1800 வாற், 220 பார், 11 லீற்றர் என்று மூன்றும் பெரிய எழுத்தில் இருந்தன. 220ஐ 11ஆல் பெருக்கினால் 2420. 600ஆல் வகுத்தால் ஏறக்குறைய 4 கிலோவாற். மோட்டரோ 1.8 கிலோவாற். உள்ளே போகும் மின்சாரத்தைவிட இரண்டு மடங்குக்கும் அதிகமான வலுவை வெளியே தரும் இயந்திரம் உலகத்தில் எங்கும் கிடையாது. அப்படியானால் அது பொய்யா? விற்பவர்களிடம் கேட்டால் இல்லை என்பார்கள். 220 பார் என்பது ட்ரிகரை விட்ட கணத்தில், தண்ணீர் ஓடாதபோது, பம்புக்குள் ஏறும் உச்ச அழுத்தமாக இருக்கலாம். 11 லீற்றர் என்பது நொசிலைக் கழற்றிவிட்டு அளந்த ஓட்டமாக இருக்கலாம். தனித்தனியே இரண்டும் உண்மையாக இருக்கலாம். ஒன்றாக ஒருபோதும் நடக்காது. எனவே பெட்டியை விட்டுவிட்டு இயந்திரத்தின் உடலில் ஒட்டியிருக்கும் தகட்டைப் பாருங்கள். அதில் 'உச்ச அழுத்தம்', 'வேலை அழுத்தம்' என்று இரண்டு வெவ்வேறாகக் குறித்திருந்தால், வேலை அழுத்தத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே எண் மட்டும் இருந்தால் அது உச்சம்தான் என்று வைத்துக்கொள்வது நல்லது.

இன்னோர் எல்லையும் உண்டு. இன்று இலங்கையின் தரநிலையாக இருப்பது 13 அம்பியர் சதுரமுனை பிளக். 230 வோல்ற்றில் அதனால் தரக்கூடிய ஆகக்கூடிய வலு ஏறத்தாழ 3 கிலோவாற். அதாவது வீட்டுப் பிளக்கில் குத்தி ஓட்டும் எந்த இயந்திரமும், என்ன விலையானாலும், ஏறக்குறைய 150 பார், 8 அல்லது 9 லீற்றர் என்ற இடத்தில் நின்றுவிடும். அதற்கு மேல் வேண்டுமென்றால் மூன்று கட்ட மின்சாரம் அல்லது பெற்றோல் இயந்திரம். சேர்விஸ் ஸ்டேஷன்களில் பெல்ற் போட்டு ஓடும் பெரிய பம்புகள் பெரும்பாலும் மூன்று கட்ட மின்சாரத்தில் இயங்குவது இதனால்தான். பழைய வீடுகளில் இன்னமும் இருக்கும் 5 அம்பியர் உருண்டைமுனைப் பிளக்கில் ஒரு மாற்றியைச் செருகி இதை ஓட்டுவது வயரிங்கைச் சுட்டுக்கொள்ளும் வேலை.

வெளிநாட்டு உறவினர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. கனடாவிலிருந்து வரும் மாமா, அங்கே மலிவு விற்பனையில் வாங்கியதென்று ஒன்றைக் கப்பலில் போட்டு அனுப்புவது நம்மிடையே நடக்கிறது. கனடாவின் மின்சாரம் 120 வோல்ற், 60 ஹேர்ட்ஸ். அதை இங்கே நேரே குத்தினால் சில நொடிகளில் மணம் வரும், பிறகு புகை வரும். மின்மாற்றி போட்டு ஓட்டலாம்தான். ஆனால் 1500 வாற்றைத் தாங்கும் மின்மாற்றியின் விலைக்கும் பாரத்துக்கும் இங்கேயே புதிதாக ஒன்றை வாங்கிவிடலாம். பிரித்தானியாவிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் வருபவற்றுக்கு இந்தப் பிரச்சினை இல்லை.

ராங்கிலிருந்து வரும் தண்ணீர்

கடைக்காரர்கள் சொல்லாத இன்னொன்று, இந்த இயந்திரங்களில் பெரும்பாலானவை குழாயில் நல்ல அழுத்தத்தோடு நகர நீர் வரும் நாடுகளை மனதில் வைத்து வடிவமைக்கப்பட்டவை என்பது. நம் வீடுகளில் தண்ணீர் கிணற்றிலிருந்து மோட்டரால் ராங்குக்கு ஏறி, ராங்கிலிருந்து தன் பாரத்தில் இறங்கி வருகிறது. 10 மீற்றர் உயர நீர் நிரல் தரும் அழுத்தம் 1 பார். உங்கள் ராங் 4 மீற்றர் உயரத்தில் இருந்தால் குழாயில் கிடைப்பது 0.4 பார். அரை அங்குலக் குழாய், இரண்டு மூன்று முழங்கை வளைவுகள், பாதி அடைத்த ரப் என்று எல்லாவற்றையும் தாண்டி வரும்போது நிமிடத்துக்கு 5 லீற்றர் வருவதே சிரமமாகிவிடும். பம்போ 7 லீற்றர் கேட்கிறது. கிடைக்காத 2 லீற்றருக்குப் பதிலாக அது காற்றை இழுக்கும், அல்லது தண்ணீருக்குள் நீராவிக் குமிழிகளை உருவாக்கும். அந்தக் குமிழிகள் உடையும்போது பம்பின் வால்வுகளும் சீல்களும் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னப்படும். இயந்திரம் உதறி உதறி ஓடுகிறது, அழுத்தம் ஏறி இறங்குகிறது, வாங்கி ஆறு மாதத்தில் பழுது என்று திருப்பிக்கொண்டு வருகிறவர்களின் முறைப்பாடுகளில் கணிசமானவை இதிலிருந்து தொடங்குகின்றன என்று பழுதுபார்க்கும் ஒருவர் விளக்கினார்.

வாங்குவதற்கு முன் ஒரு வாளியும் கைத்தொலைபேசியும் போதும். 10 லீற்றர் வாளியை, இயந்திரத்தைப் பொருத்தப்போகும் அதே குழாயில் பிடித்து நிரம்ப எத்தனை நொடி எடுக்கிறது என்று பாருங்கள். 60 நொடி எடுத்தால் உங்களிடம் இருப்பது நிமிடத்துக்கு 10 லீற்றர். 6, 7 லீற்றர் இயந்திரத்துக்குத் தாராளம். 100 நொடி எடுத்தால் 6 லீற்றர்தான். அப்போது சிறிய இயந்திரம்கூடத் தள்ளாடும். அப்படியான வீட்டுக்கு, தானாகவே தண்ணீரை உறிஞ்சக்கூடிய வகையை வாங்கி, நிலத்தில் ஒரு பீப்பாயில் தண்ணீர் நிரப்பி அதிலிருந்து எடுப்பதே வழி. உறிஞ்சும் குழாயின் நுனியில் வடி கட்டாயம் வேண்டும்.

யாழ்ப்பாணத்துக்கு இன்னொரு தனிச் சிக்கல். குடாநாட்டின் தண்ணீர் சுண்ணக்கல்லுக்குள் ஊறி வருவது. கேத்திலின் அடியில் படியும் அதே வெள்ளைப் படிவு நொசிலின் ஊசித்துவாரத்திலும் படியும். ஒரு மாதம் பாவிக்காமல் வைத்து எடுத்தால் தண்ணீர் ஒரு பக்கமாகச் சாய்ந்து பாயும், அல்லது இயந்திரம் முனகி நிற்கும். நொசிலைக் கழற்றி ஓர் இரவு வினாகிரியில் ஊறவிட்டு ஊசியால் குத்தினால் சரிவரும். வேலை முடிந்ததும் குழாயைக் கழற்றி, ட்ரிகரை அழுத்தி உள்ளே நிற்கும் தண்ணீரை வெளியேற்றிவிட்டு வைப்பவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு.

தண்ணீர் வீணாகும் என்று பலர் தயங்குகிறார்கள். அந்தப் பயம் தேவையில்லை. 6.5 லீற்றர் இயந்திரம் அரை மணி நேரம் ஓடினால் 200 லீற்றருக்குச் சற்றுக் குறைவு. சாதாரண ஹோஸைத் திறந்துவிட்டு அரை மணி நேரம் கழுவினால் அதைவிட இரண்டு மடங்குக்கு மேல் போகும். பவுசர் தண்ணீரை நம்பியிருக்கும் தீவகத்து வீடுகளுக்கு இது சிறிய விடயமல்ல. கவலைப்படவேண்டியது தண்ணீர் எவ்வளவு போகிறது என்பதைவிட எங்கே போகிறது என்பதைப் பற்றி. வாகனத்தின் அடிப்பாகத்தில் ஒட்டியிருந்த ஒயிலும் கிறீஸும் கழுவப்பட்டு முற்றத்தில் வடிந்தால், அடியில் வெடிப்புகளும் துவாரங்களுமாக இருக்கும் சுண்ணக்கல் அதை வடிகட்டி வைத்திருக்காது. நேரே கிணற்றுக்கு அனுப்பும். சுன்னாகம் மின் நிலையப் பகுதியின் கழிவெண்ணெய் கிணறுகளில் கலந்த விவகாரம் 2019இல் உயர் நீதிமன்றத் தீர்ப்புவரை சென்றதை நாம் மறந்திருக்க முடியாது. ஒரு மோட்டார் சைக்கிளின் ஒயில் அந்த அளவல்ல. ஆனால் ஒயில் பொறி இல்லாமல் தெருவோரத்தில் நடக்கும் ஒரு கழுவுமிடம் நாளொன்றுக்கு எத்தனை வாகனம் கழுவுகிறது என்று எண்ணிப் பார்க்கலாம்.

எந்த வேலைக்கு எது

மோட்டார் சைக்கிள், ஓட்டோ, கார் கழுவுவதற்கு 80 முதல் 100 பார், 5 முதல் 6 லீற்றர் போதும். உண்மையில் அதற்கு மேல் இருப்பது ஆபத்து. 100 பார் அழுத்தத்தில் நொசிலை விட்டு வெளியேறும் தண்ணீரின் வேகம் நொடிக்கு 140 மீற்றர், அதாவது மணிக்கு 500 கிலோமீற்றர். கொஞ்சத் தூரத்துக்குள் அந்த வேகம் காற்றில் சிதறிவிடும். அதனால் தூரம்தான் இங்கே உங்கள் கட்டுப்பாட்டுக் கருவி. பெயின்ற்றிலிருந்து 30 சென்ரிமீற்றருக்குக் குறையாமல் பிடியுங்கள். சில்லு பெயாரிங், செயின், ஹோர்ன், சுவிட்ச்கள், ரேடியேற்றரின் மெல்லிய தகடுகள் ஆகியவற்றை நேரே குறிவைக்க வேண்டாம். பெயாரிங்கின் சீலைத் தாண்டித் தண்ணீர் உள்ளே போனால் கிறீஸ் வெளியேறும். சத்தம் வர ஆரம்பிப்பது இரண்டு மூன்று மாதம் கழித்து. அப்போது பிரஷர் வோஷரை யாரும் சந்தேகிப்பதில்லை.

அதற்கும் சிறியதாக, பற்றரியில் ஓடும் கைத்துப்பாக்கி வகைகள் இப்போது இணையவழி விற்பனையில் குவிந்திருக்கின்றன. 48, 88 என்று பெரிய எண்கள் எழுதி, பக்கத்தில் விஎஃப் என்று ஓர் எழுத்துச் சேர்த்திருப்பார்கள். அது வோல்ற் அல்ல, எதுவும் அல்ல. உள்ளே இருப்பது பெரும்பாலும் ஐந்து லித்தியம் கலங்கள். 18 வோல்ற், முழுதாக ஏற்றினால் 21. இருபது முப்பது பார் அழுத்தம், கால் மணி நேர ஓட்டம். மோட்டார் சைக்கிளின் தூசிக்கும் யன்னல் வலைக்கும் பரவாயில்லை. பாசிக்கு வேண்டாம்.

முற்றத்துச் சீமெந்துக்கும் இன்ரர்லொக் கல்லுக்கும் 120 முதல் 150 பார், 7 முதல் 8 லீற்றர். இங்கே நொசிலின் கோணம் முக்கியம். நிறம் வைத்துப் பிரிக்கும் முறை பரவலாக இருக்கிறது: சிவப்பு 0 பாகை, மஞ்சள் 15, பச்சை 25, வெள்ளை 40, கறுப்பு சவர்க்கார நீருக்கு. தரைக்குப் பச்சை. மஞ்சளைத் தரையிலே கிட்டப் பிடித்தால் சீமெந்தின் மேற்பூச்சு உரிந்து மணல் தெரியும். அந்தச் சொரசொரப்பில் அடுத்த மாரிக்குப் பாசி இன்னும் நன்றாகப் பிடிக்கும். இன்ரர்லொக் கற்களுக்கு இடையிலுள்ள மணலையும் தண்ணீர் பிடுங்கிவிடும்; கழுவிக் காய்ந்த பிறகு மணல் தூவிக் கூட்டிவிடவேண்டும், இல்லாவிட்டால் கற்கள் ஆடத் தொடங்கும். சிவப்பு நொசில் வீட்டுப் பாவனைக்குத் தேவையே இல்லை என்பது என் கருத்து. வாங்கிய அன்றே எங்காவது ஒளித்துவையுங்கள், குறிப்பாகப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில்.

மாட்டுத்தொழுவம், கோழிக்கூடு, லாண்ட்மாஸ்டர், ரக்டர் இவற்றுக்கெல்லாம் அழுத்தத்தைவிடத் தண்ணீர் முக்கியம். முடிந்தால் 10 லீற்றருக்கு மேல். நாள்தோறும் ஓட்டுவதானால் கார்பன் பிரஷ் உள்ள இலகுவான மோட்டரைத் தவிர்த்து, பாரமான இன்டக்ஷன் மோட்டரும் பித்தளைத் தலைப் பம்பும் உள்ளதை எடுக்கவேண்டும். இரண்டையும் பிரித்தறிய எளிய வழி தூக்கிப் பார்ப்பதும் ஓடவிட்டுக் கேட்பதும்தான். கிரைண்டர்போலக் கீச்சிட்டால் பிரஷ் மோட்டர். தாழ்ந்த குரலில் முரன்றால் இன்டக்ஷன். மீன்பிடிப் படகுகளின் அடியில் ஒட்டும் மட்டிக்கு 150 பாரும் போதாது, கூர்மையில்லாத சுரண்டியால் முதலில் கழற்றியே ஆகவேண்டும். பிறகு அகன்ற நொசிலால் கழுவலாம். கடல்நீரைப் பம்புக்குள் விடவேண்டாம்.

கழுவவே கூடாதவை

வடக்கின் பழைய நாற்சார் வீடுகள் பலவற்றின் சுவர் சுண்ணக்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்டு கட்டியது. சீமெந்து போல இறுகாத, மூச்சுவிடும் சாந்து அது. அதில் 100 பார் தண்ணீரைப் பாய்ச்சினால் கத்தியால் வெண்ணெய் வெட்டுவது மாதிரிதான். தண்ணீர் சுவருக்குள் புகுந்து உள்ளே இருக்கும் உப்பைக் கரைக்கும். காயும்போது உப்பு மேலே வந்து பூச்சைத் தள்ளிவிடும். கோவில் கோபுரத்துச் சுதைச் சிற்பங்களுக்கும் இதே கதிதான். கும்பாபிஷேகத்துக்கு முன்னர் வேலையை விரைவாக முடிக்க என்று இயந்திரம் கொண்டுவருகிறவர்களிடம் நிர்வாக சபையினர் கொஞ்சம் யோசிக்கச் சொல்லலாம். மூலஸ்தான வாசலின் கருங்கல் படியில் ஒட்டிய எண்ணெய்க்கு வேண்டியதும் அழுத்தமல்ல, சுடுதண்ணீரும் தேய்ப்பும்.

கூரையில் பூட்டிய சூரியத் தகடுகளை இதனால் கழுவவே கூடாது. கண்ணாடி உடையாவிட்டாலும் உள்ளே மெல்லிய வெடிப்பு விழலாம், ஓரத்துச் சீல் திறக்கலாம், உத்தரவாதமும் போய்விடும். காலையில் தகடு சூடாகுமுன், மெல்லிய தூரிகையும் சாதாரண ஹோஸும் போதும்.

நான் அதிகம் கவலைப்படுவது அஸ்பெஸ்டஸ் சீற் கூரைகளைப் பற்றி. பாசி பிடித்துக் கறுத்த சீற்றைக் கழுவிப் பெயின்ற் அடித்துத் தருகிறோம் என்று விளம்பரங்கள் வருகின்றன. ஓர் இளைஞர் கூரைமேல் ஏறி, செருப்போடு, முகக்கவசம் இல்லாமல், நாள் முழுவதும் பீய்ச்சுகிறார். கிறைசோடைல் உட்பட எல்லா வகை அஸ்பெஸ்டஸையும் சர்வதேச புற்றுநோய் ஆய்வு முகவரகம் மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்கும் பொருட்களின் முதலாம் தொகுதியில் வைத்திருக்கிறது. சீற் முழுதாக, அசையாமல் இருக்கும்வரை அதன் நார்கள் சீமெந்துக்குள் அடைபட்டிருக்கும். உயர் அழுத்தத் தண்ணீர் செய்வது மேலிருக்கும் சீமெந்துத் தோலை உரித்து அந்த நார்களை விடுவிப்பது. ஈரமாக இருப்பதால் தூசி தெரியாது. ஆனால் நார் கலந்த கூழ் சுவரிலும் மாமரத்திலும் முற்றத்திலும் தெறித்து, வெயிலில் காய்ந்து, பிறகு கூட்டும்போது எழும்புகிறது. நோய் தெரியவர இருபது, முப்பது வருடங்கள்கூட ஆகலாம். அந்த இளைஞருக்கு அப்போது ஐம்பது வயது இருக்கும். அதை ஒரு பொங்கல் காலத்துக் கூரையோடு யாரும் தொடர்புபடுத்தப் போவதில்லை.

இந்த நாட்டில் அஸ்பெஸ்டஸ் ஏன் இன்னமும் கூரையில் இருக்கிறது என்பதற்கு ஒரு சிறிய கதை உண்டு. 2018 ஜனவரியிலிருந்து அதன் இறக்குமதியைக் கட்டுப்படுத்த அரசாங்கம் தயாராகிக்கொண்டிருந்தது. 2017 டிசம்பரில், தேயிலைப் பொதியொன்றில் வண்டு இருந்ததென்று கூறி ரஷ்யா இலங்கைத் தேயிலையை இடைநிறுத்தியது. கிறைசோடைலின் பெரிய ஏற்றுமதியாளரும் ரஷ்யாதான். அஸ்பெஸ்டஸ் கட்டுப்பாடு தள்ளிவைக்கப்பட்டது, தேயிலைத் தடையும் நீங்கியது. வண்டுக்கும் கூரைக்கும் என்ன உறவு என்பதை வாசகர்களே ஊகிக்கலாம்.

அப்படியானால் கறுத்த சீற்றை என்ன செய்வது? அப்படியே விடுவதுதான் முதல் பதில். பாசி கூரையை ஒழுகவைப்பதில்லை. மழைநீர் சேகரிப்பதற்காகவோ வேறு காரணத்துக்காகவோ கட்டாயம் சுத்தம் செய்யவேண்டுமென்றால், பாசிக்கொல்லிக் கரைசலைக் குறைந்த அழுத்தத்தில் தெளித்து, அது தானாகச் செத்து மழையில் கழுவுப்பட விடவேண்டும். அந்த மழைகளின் தண்ணீரைச் சேகரிக்கக்கூடாது. சுரண்டலும் தேய்ப்பும் கூடாது. பழைய சீற் மனித பாரத்தைத் தாங்கும் என்றும் நம்பக்கூடாது, அது எச்சரிக்காமல் உடையும். ஓட்டுக் கூரைக்கு இந்த நச்சு இல்லை. ஆனாலும் கீழிருந்து மேலாகப் பீய்ச்சினால் தண்ணீர் ஓட்டின் அடியால் புகுந்து சீலிங்கில் இறங்கும். முகட்டிலிருந்து கீழ்நோக்கி, அகன்ற நொசிலால் மட்டும். ஏணியில் நின்று செய்யவேண்டாம். வீட்டு இயந்திரம் கையைப் பின்னுக்குத் தள்ளும் விசை ஒன்றரைக் கிலோ அளவுதான். ஆனால் 200 பார், 15 லீற்றர் பெற்றோல் இயந்திரத்தில் அது 5 கிலோ. ட்ரிகரை அழுத்திய கணத்தில், ஈர ஏணியில், எதிர்பாராமல் நெஞ்சில் 5 கிலோ தள்ளு வந்தால் என்னவாகும்?

கிணற்றைப் பற்றியும் சொல்லவேண்டும். கிணறு இறைத்துச் சுத்தம் செய்யும்போது உள்சுவர்ப் பாசிக்குப் பிரஷர் வோஷர் நல்ல யோசனையாகத் தோன்றும். பெற்றோல் இயந்திரத்தைக் கிணற்றுக்குள் இறக்கக்கூடாது. அதன் புகையிலுள்ள கார்பன் மொனொக்சைட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ஒருவர் மயங்கி விழ, காப்பாற்ற இறங்கியவரும் விழும் மரணங்கள் இப்படித்தான் நடக்கின்றன. மின் இயந்திரத்தை மேலே வைத்து, நீண்ட உயர் அழுத்தக் குழாயை மட்டும் இறக்குங்கள். மின்வயரோ நீடிப்பு வயரின் பிளக்கோ தண்ணீர் பக்கம் போகக்கூடாது. வீட்டின் ட்ரிப் சுவிட்ச்சில் உள்ள சோதனைப் பொத்தானை அழுத்திப் பார்த்துவிட்டு, அது விழுந்தால் மட்டும் வேலையைத் தொடங்குங்கள். விழாவிட்டால் அன்றைக்கு வேலை மின்சாரக்காரருக்குத்தான்.

வெள்ளம் வடிந்த வீடுகளிலும் இதே அவசரம் வருகிறது. 2024 டிசம்பரில், வெள்ளத்துக்குப் பின்னர் யாழ்ப்பாணத்தில் எலிக்காய்ச்சல் பரவி உயிரிழப்புகள் ஏற்பட்டன. எலியின் சிறுநீர் கலந்த சேற்றை உயர் அழுத்தத்தில் அடித்தால் அது நுண்துளிகளாகக் கண்ணிலும் வாயிலும் காலில் உள்ள கீறல்களிலும் படும். முதலில் மண்வெட்டியால் வழித்தெடுங்கள், பிறகு சாதாரண ஹோஸால் கழுவுங்கள், கடைசியில் குளோரின் தண்ணீர். கம்பூட்ஸும் கையுறையும் வேண்டும். பின்னர் காய்ச்சல் வந்தால் சேற்றில் நின்றதை வைத்தியரிடம் சொல்லவேண்டும். குளோரின் தூளோடு அமிலம் கலந்த கழிவறைச் சுத்திகரிப்பான்களைச் சேர்க்கவே வேண்டாம், எழுவது நச்சுவாயு.

சிறிய துவாரம், பெரிய காயம்

ஒரு சேர்விஸ் ஸ்டேஷனில் வேலை செய்யும் பையன்கள் நால்வரில் மூவர் வெறுங்காலோடு நின்றார்கள். காலில் சேறு பட்டால் அதே துப்பாக்கியால் காலையும் கழுவிக்கொள்கிறார்கள். ஊசித்துவாரத்தால் வரும் தண்ணீர் தோலைத் துளைக்க இந்த இயந்திரங்களின் அழுத்தத்தில் பத்தில் ஒரு பங்கே போதும். காயம் வெளியே ஒரு புள்ளிபோலத் தெரியும், இரத்தம்கூட வராது. உள்ளே தண்ணீரும் ஒயிலும் அழுக்கும் தசைநார்களின் வழியே பரவியிருக்கும். பிளாஸ்ரர் ஒட்டிவிட்டு வேலையைத் தொடர்ந்தால் விரலையோ பாதத்தையோ இழக்கும் நிலைகூட வரலாம். இது உடனே வைத்தியசாலைக்குப் போகவேண்டிய காயம். அங்கே வெட்டுக்காயம் என்று சொல்லாமல், உயர் அழுத்தத் தண்ணீர் உள்ளே போனது என்று தெளிவாகச் சொல்லவேண்டும். முதலாளிமார் ஆளுக்கொரு சோடி கம்பூட்ஸ் வாங்கிக் கொடுப்பது பெரிய செலவல்ல. அதை யாரும் கட்டாயப்படுத்தாததால் வாங்குவதில்லை, அவ்வளவுதான்.

வருடத்தில் இரண்டு தடவை முற்றம் கழுவ மட்டும் இயந்திரம் தேடுகிறவர்களுக்கு என் ஆலோசனை, வாங்கவேண்டாம், வாடகைக்கு எடுங்கள் என்பதுதான். பத்து மாதம் மூலையில் கிடக்கும் பம்பின் சீல்கள் காய்ந்து வெடிக்கும். பாவிப்பதால் பழுதாவதைவிடப் பாவிக்காமல் பழுதாவது அதிகம். தெருவில் நாலைந்து வீடுகள் சேர்ந்து ஒரு நல்ல இன்டக்ஷன் மோட்டர் இயந்திரத்தை வாங்கிக்கொண்டவர்களையும் கண்டேன். அதில் யார் கடைசியாக நொசிலைத் தொலைத்தது என்ற சண்டை மட்டும் நடந்துகொண்டிருக்கிறது.

வாங்கத்தான் வேண்டுமென்றால், கடையில் கேட்கவேண்டியவை சில. வேலை அழுத்தம் எவ்வளவு? உறிஞ்சும் வசதி உண்டா? ட்ரிகரை விட்டதும் மோட்டர் தானாக நிற்குமா? நிற்காத வகையில் தண்ணீர் பம்புக்குள்ளேயே சுற்றிச் சூடேறும். இரண்டு மூன்று நிமிடத்துக்கு மேல் அப்படி விடக்கூடாது. சீல் தொகுதியும் துப்பாக்கியும் தனியாகக் கிடைக்குமா, இங்கேயே கிடைக்குமா, கொழும்புக்கு அனுப்பவேண்டுமா? பற்றுச்சீட்டில் மாதிரி இலக்கத்தையும் உத்தரவாதக் காலத்தையும் எழுதச் சொல்லுங்கள். எழுத மறுக்கும் கடையில் வாங்கவேண்டாம். பொருள் சொன்னபடி இல்லாவிட்டால் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையிடம் முறையிடலாம். அதற்கு அந்தப் பற்றுச்சீட்டு வேண்டும், இயந்திரத் தகட்டின் படமொன்றும் இருந்தால் நல்லது. கடையை விட்டு வெளியேறுமுன்னரே படத்தை எடுத்துவையுங்கள். இரண்டு மாரி கடந்தால் தகட்டின் எழுத்து அழிந்துவிடும்.